பித்தளை ஒட்டு இல்லாத இன்ஜின்

போன வருஷம் சித்திரை வெயிலில் எங்கள் அம்பாசிடர் கார் எட்டயபுரம் சாலையில் நின்றுபோனது. ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியவர் என் கணவர். முதலில் பின்னால் நீலப் புகை வந்தது. பிறகு பானட்டுக்கு அடியில் யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். அதோடு சரி. இரண்டு பக்கமும் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. ஒதுங்க ஒரு உடை மரம்கூடக் கிடையாது. கடைசியில் ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கோவில்பட்டியில் ஒர்க்‌ஷாப் வாசலில் விட்டார்.

அது என் அப்பாவின் கார். அப்பா சின்ன அளவில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவர். இந்த ஊரில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். நான் அவருக்கு ஒரே பிள்ளை. அம்மா முன்பே போய்விட்டாள். வயதான காலத்தில் ஆபீஸை மூடிவிட்டு எங்களோடு இருக்க வந்தபோது, அப்பா கொண்டுவந்த சாமான்களில் பெரியது இந்தக் கார்தான். சாவியை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு, “தண்ணி மட்டும் பாத்துக்கிடுங்க மாப்ள” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஒர்க்‌ஷாப்காரருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். அவருடைய மகள் என்னிடம் கணக்குப் படித்தவள். அதனால் எனக்கு டீச்சர் என்றும் என் கணவருக்கு அண்ணாச்சி என்றும் பெயர். இரண்டு நாள் கழித்து எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

“ரெண்டு வழி இருக்கு, அண்ணாச்சி. இதே இன்ஜின எறக்கி முழுசா வேல பாக்கலாம். சிலிண்டர போர் பண்ணி, பிஸ்டன் மாத்தி, கிராங்க மதுரைக்கு லேத்துக்கு அனுப்பணும். சாமான் கெடைக்க நாளாகும். இல்லன்னா இத தூக்கிப் போட்டுட்டு டீசல் இன்ஜின் ஒண்ணு வச்சிரலாம். எங்கிட்டயே ஒண்ணு கெடக்கு. ஆர்.சி. புக்குல மாத்தணும். ஆனா கையோட ஓடும்.”

“டீசலே வச்சிரும்” என்றார் என் கணவர். ஒர்க்‌ஷாப்காரர் வாயை மூடுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

“வேண்டாம். இதையே வேல பாருங்க” என்றேன் நான்.

ஒர்க்‌ஷாப்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணவர் சிரித்தார். நான் வெளியிடத்தில் ஏதாவது சொன்னால் அவர் சிரிக்கிற சிரிப்பு ஒன்று உண்டு. “அவ கெடக்கா. நீரு டீசல் இன்ஜினக் காட்டும்” என்று எழுந்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன். அப்பாவின் கார், என் ஓய்வுக்காலப் பணம், நான் சொல்வதுதான் நடக்கும் என்று அந்த இடத்திலேயே சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு குரலில் நான் அவரோடு பேசியதில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அவர் பட்ட பாடு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காலையில் காபி குடிக்கும்போது, அந்த ஒர்க்‌ஷாப் ஆள் இன்ஜின் வேலையில் கெட்டிக்காரர் இல்லை என்பார். மத்தியானம், இந்த மாடலுக்குச் சாமானே வருவதில்லை என்று கயத்தாறில் யாரோ சொன்னதாகச் சொல்வார். “செத்த இன்ஜினக் கட்டிக்கிட்டு அழுவுதாளே” என்று போனில் தன் தங்கையிடம் என் காதுபடப் பேசினார். பெட்ரோல் விற்கிற விலையைத் தினமும் வாசித்துக் காட்டினார். நான் அசையவில்லை. தோற்றுப்போன கோபம் என்று நினைத்துக்கொண்டேன். முதல் தடவையாக ஒரு காரியத்தில் ஜெயித்திருக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

இன்ஜினை இறக்கிக் கழுவிவிட்டார்கள் என்று தகவல் வந்ததும் நான் மட்டும் ஆட்டோ பிடித்துப் போனேன். இவர் வரவில்லை, முதுகு வலி என்றார். ஒர்க்‌ஷாப்பில் வேப்பமரத்தடியில் இரண்டு கட்டைகள் மேல் அது உட்கார்ந்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போய், வெறும் இரும்பாகத் தெரிந்தது. நான் குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். பிறகு சுற்றிவந்து மறுபக்கம் பார்த்தேன்.

“என்ன தேடுதீங்க டீச்சர்?”

“இதுல ஒரு பித்தளை ஒட்டு இருக்கும். அதத்தான்.”

அந்த ஒட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது திருநெல்வேலியிலிருந்து அப்பாவோடு வந்துகொண்டிருந்தேன். கயத்தாறு பக்கம் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அப்பா அவசரப்பட்டு, சூடு ஆறுவதற்கு முன்பே பச்சைத் தண்ணீரை ஊற்ற, பிளாக், அதாவது இன்ஜினின் இரும்பு உடம்பே, விரிசல் விட்டது. அதை ஒரு பட்டறையில் பித்தளை வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். விரல் நீளத்துக்கு, புழு ஊர்வது போல மேடாக இருக்கும். அப்பா பானட்டைத் திறக்கும்போதெல்லாம் அதை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார். “நம்ம புத்தி கெட்டதனத்துக்கு அடையாளம்” என்று என்னிடம் காட்டுவார். அன்றிலிருந்துதான் தண்ணீர் விஷயத்தில் அவருக்கு அவ்வளவு கண்டிப்பு வந்தது. யார் காரை எடுத்தாலும் தண்ணீர் பார்த்தாயா என்றுதான் கேட்பார். பார்க்காமல் எடுத்தவர்களை நாள் கணக்கில் திட்டுவார்.

ஒர்க்‌ஷாப்காரர் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

“தேஞ்சு போயிருக்குமோ?” என்றேன்.

“அது தேயாது டீச்சர். உதுந்தாலும் விரிசல் தெரியும். இதுல ஒட்டே வைக்கல.” டார்ச்சை அணைத்தார். “இது வேற பிளாக்கு.”

சொல்லிவிட்டு, ஏதோ ஸ்பேனரைத் தேடுவது போல உள்ளே போய்விட்டார். நல்ல மனுஷர். என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் போயிருக்கிறார். நான் அந்த இரும்பின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதன் மேல் கை வைத்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. கையை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

“எங்கப்பா இன்ஜின் எங்க?”

அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

“ஒரு தடவ கடக்கரைப் பக்கம் கொளத்தூர்ல இருந்து வரும்போது இன்ஜின் சூடாகி, இறுகி சீஸாயிட்டு” என்றார். “கூட்டாளிங்களோட உப்பளம் பாக்கப் போயிருந்தோம். தண்ணி வத்திட்டு, நான் கவனிக்கல. பழைய டாக்சி ஒண்ணுலேருந்து இன்ஜின் எடுத்து மாட்டினேன். அதே மாடல்தான். என்ன வித்தியாசம்? இன்ஜின்னா இன்ஜின்தான்.”

“எப்ப?”

அவர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்கப்பா படுத்ததுக்கு முந்தியா, பெறவா?”

“பெறவு” என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன பிறகு, கார் ஓட்ட முடியாது. ஆனால் தினமும் காலையில் வாசலில் நாற்காலி போடச் சொல்வார். இவர் காரை ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிடுவார். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரம் கழித்து இடது கையைத் தூக்கிப் போதும் என்று காட்டுவார். அதுதான் அவருடைய நாளில் நடக்கிற ஒரே விஷயம். நடுவில் கொஞ்ச நாள், கிளட்ச் வேலை என்று கார் கயத்தாறில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அது திரும்பி வந்த அன்று காலை அப்பா கண்ணை மூடியவர் உடனே திறந்துவிட்டார்.

“மாப்ள, சத்தம் வேற மாதிரியால்லா கேக்கு?” என்றார். வாய் கோணியிருந்தாலும் பேச்சு புரியும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவரைப் பார்க்க வந்திருந்தார்கள். இவர் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “காருக்கு ஒண்ணுமில்ல மாமா, ஒங்க காதுக்குத்தான். அந்த நோவு காதையும் இழுத்துட்டு போல” என்றார். அவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அடுத்த நாளும் அப்பா சொன்னார். அடுத்த நாளும் இவர் அதையே சொன்னார். நான்தான் பயந்துபோய், திருநெல்வேலிக்குக் காது டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றேன். டாக்டர் பார்த்துவிட்டு, இந்த வயதுக்குக் காது நன்றாகவே இருக்கிறது என்றார். திரும்பி வரும்போது, அதே காரில், அதே இன்ஜின் சத்தத்தில், இவர் என்னிடம் சொன்னார்: “நோயாளி மனசு நோவக்கூடாதுன்னு டாக்டர் அப்படிச் சொல்லுதாரு.” பின் சீட்டில் அப்பா இருந்தார். அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு அப்பா காரை ஸ்டார்ட் செய்யச் சொல்வதை நிறுத்திவிட்டார். ரேடியோவை நிறுத்தினார். யாராவது பேசினால், அவர்கள் சொன்னதைத்தான் தான் கேட்டோமா என்று சந்தேகப்பட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் மறுபடி உரக்கச் சொல்வேன். எல்லோரும் அவரிடம் கத்திப் பேசப் பழகிவிட்டோம். நல்ல காதுள்ள ஒரு மனுஷனைச் சுற்றி நின்று, அவர் சாகும்வரை கத்திக்கொண்டிருந்தோம்.

இதையெல்லாம் நான் இவரிடம் சொன்னேன். அழவில்லை. கணக்குப் பாடம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன்.

“பயந்துட்டேன்” என்றார். “தண்ணி பாக்கலன்னு தெரிஞ்சா ஒங்கப்பா என்னைச் சும்மா விடுவாரா? கூட்டாளிங்க முன்னாலயே ஏசுவாரு. ஒனக்குத் தெரியாதா?”

“எங்கப்பாவுக்கு ஒரு கை, ஒரு காலு விழுந்து கெடந்துச்சு. அவரு ஒங்கள என்ன செஞ்சிருவாரு?”

“அது அப்ப தோணல.”

“டாக்டர் சொன்ன பெறவாவது சொல்லிருக்கலாம்லா?”

“அதுக்குப் பெறவு எப்படிச் சொல்ல?” என்றார், நான்தான் விஷயம் புரியாமல் பேசுகிறேன் என்பது போல. கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, “சோறு போடுதியா, மாத்திரை போடணும்” என்றார்.

சோறு போட்டேன்.

அந்த வாரம் முழுவதும் எதைச் செய்யச் சொல்வது என்று யோசித்தேன். யோசிக்க என்ன இருந்தது? யாரோ ஒரு டாக்சிக்காரர் ஓட்டித் தேய்த்த இரும்புக்கு நான் எதற்கு மதுரைவரை ஆள் அனுப்ப வேண்டும்? அப்பாவின் இன்ஜின் பழைய இரும்புக் கடைக்குப் போய், உருகி, இந்நேரம் எந்த வீட்டுக் கம்பியாகவோ ஆகியிருக்கும். காரையே விற்றுவிடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் அப்பா உட்கார்ந்த சீட்டை முன்பின் தெரியாதவனுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. ஒர்க்‌ஷாப்காரர் போன் செய்து, “என்ன செய்யட்டும் டீச்சர்?” என்று மெதுவாகக் கேட்டபோது, “டீசலே வச்சிருங்க” என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

இவருக்குச் சந்தோஷம். “அன்னைக்கே சொன்னேன், கேட்டியா?” என்றார். நடந்தது எல்லாம் முடிந்துபோனதாக நினைத்துக்கொண்டார். நான் சண்டை போடாததை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. கார் வந்தது. நின்ற இடத்திலேயே உதறும். கதவுக் கண்ணாடிகள் எல்லாம் கடகடவென்று அடிக்கும். இவர் அதைத் துடைத்து மெழுகுப் பாலிஷ் போட்டுக் கல்யாணம் காட்சிக்கெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்.

இந்தத் தை மாதம் அவர் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் இளவட்டங்கள் காரைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். இது யார் கார் என்று ஒருவன் கேட்டான். இவர் பானட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, “எங்க மாமனார் காருல்லா. அவரு எப்படிக் குடுத்தாரோ அப்படியே வச்சிருக்கேன்” என்றார்.

நான் பட்டுச் சேலையும் தாம்பூலப் பையுமாகப் பக்கத்தில் நின்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

“இன்ஜின இவிய ரெண்டு தடவ மாத்திட்டாவ” என்றேன். “மொத தடவ மாத்தினத எங்கப்பா கண்டுபிடிச்சாரு. அவருக்குக் காது கேக்கலன்னு ஊர்பூரா சொல்லிட்டாவ.”

கேட்ட பையன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். ஒரு பெரியவர் மட்டும், “சரி சரி, பந்தி ஆரம்பிக்கப் போகுது, வாங்க” என்று எல்லோரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

வீடு திரும்பும்போது இவர் சொன்னார்: “நாலு பேரு முன்னால என்னைக் கேவலப்படுத்தணுமா?”

“நீங்க எங்கப்பாட்டச் சொன்னதும் நாலு பேரு முன்னாலதான்.”

அதன்பிறகு வழி முழுவதும் கண்ணாடிகள்தான் பேசின.

நான் இப்போது அந்தக் காரில் ஏறுவதில்லை. எங்கே போவதானாலும் பஸ். இவர் கூப்பிடுவதுமில்லை. பாட்டரி இறங்கிவிடும் என்று தினமும் காலையில் காரை ஸ்டார்ட் செய்து வாசலில் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறார். அந்த நேரத்தில் நான் அடுப்படியில் மிக்ஸியைப் போட்டுவிடுகிறேன். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் தேங்காய்ச் சில்லையாவது போட்டு ஓட்டுகிறேன்.