ஐந்து தேன்பெட்டிகள்

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு தேன்போத்தல் இருக்கிறது. சம்பூர் அக்கா கொடுத்தனுப்பியது. அடியிலுள்ள தேன் சீனி போல உறைந்துவிட்டது. மூடியை நான் இன்னும் திறக்கவில்லை. தூசு தட்டும்போதெல்லாம் என் கை அதை விட்டு விலகிப் போகிறது.

அப்போது நான் ஒரு வாழ்வாதாரத் திட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தர். மீள்குடியேறிய அக்காவின் சோளத் தோட்டம் பற்றைக்காட்டை ஒட்டிக் கிடந்தது. யானை ஒரு தடவை இறங்கினால் அந்தப் போகம் போய்விடும். அவருடைய கணவர் பூசணிக்காய்க்குள் வெடி வைக்கிறவர். கடித்த யானை வாய் சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகும். நாங்கள் தோட்டத்தைச் சுற்றிக் கம்பி இழுத்துத் தேன்பெட்டிகளைத் தொங்கவிட்டோம். யானை கம்பியில் முட்டினால் பெட்டி ஆடும், தேனீ கிளம்பும், யானை திரும்பிவிடும். சோளமும் தப்பியது, தேனும் விற்றது. மிச்சமிருந்த வெடிமருந்தை அக்காவே பறித்துப் பாழ்கிணற்றில் போட்டார். “வயிறு நிரம்பினா நாங்கள் ஏன் மிஸ் வாயில்லாச் சீவனைக் கொல்லப்போறம்?” என்றார்.

பிறகு கொழும்பிலிருந்து திட்டத்தைப் பார்க்க விருந்தினர் வந்தார்கள். தோட்டத்துப் பாதையில் வாகனம் போகாது. முந்தின நாள் பொழுதுபட, தேனீக்கள் அடங்கியபின், காட்டுப் பக்கத்து ஐந்து பெட்டிகளை அவிழ்த்துப் பள்ளிக்கூட முற்றத்தில் வைப்பித்தேன். அது என்னுடைய புத்தி. படங்கள் நன்றாக வந்தன. நாங்கள் புறப்படும்போது அக்கா ஓடி வந்தார்.

“மிஸ், இண்டைக்கே திருப்பிக் கட்டோணும். காட்டுப் பக்கம் வெறுமையாக் கிடக்கு.”

“ஒரு நாள்தானே அக்கா. நாளைக்கு ஆக்களோட வாறன்.”

முகமூடிகளும் தேனீக்களை அடக்கும் புகைக்குடுவையும் எங்கள் வாகனத்தில் இருந்தன. அவற்றையாவது இறக்கிக் கொடுத்திருந்தால் அவர்களே பெட்டிகளைக் கட்டியிருப்பார்கள். விருந்தினருக்கு நிலாவெளிக் கடற்கரை ஹோட்டலில் சாப்பாடு சொல்லியிருந்தது. அந்த அவசரம் எனக்கு. மறுநாளும் நான் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், அந்த வெறும் இடத்தால் யானைகள் நுழைந்து தோட்டத்தைத் துவம்சம் செய்திருந்தன.

அந்தக் கிழமையே அக்காவின் கணவர் எங்கிருந்தோ வெடிமருந்து வாங்கிவந்து மறுபடி வெடி வைத்தார். அகப்பட்டது ஒரு குட்டி. குளத்துத் தண்ணீருக்குள் வாயை வைத்தபடி அது நின்றதை நான் பார்த்தேன். அது செத்த அன்று வனசீவராசி அதிகாரிகள் கணவரைக் கொண்டுபோனார்கள். விசாரணையில் அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “மிஸ் பாவம், அவ என்ன செய்வா” என்றாராம். நானோ என் அறிக்கையில், ‘பயனாளியின் பெட்டிகள் உரிய இடத்தில் இருக்கவில்லை’ என்று எழுதினேன். அவிழ்ப்பித்தது யார் என்று எழுதவில்லை. எவ்வளவு கூசாமல் எழுதினேன் என்று நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. அதை வைத்தே திட்டம் எல்லாப் பெட்டிகளையும் திருப்பி எடுத்துக்கொண்டது.

பெட்டிகளை ஏற்றப் போன சாரதியிடம்தான் அக்கா இந்தப் போத்தலைக் கொடுத்திருக்கிறார். “மிஸ்ஸுக்குத் தேன் விருப்பம்.”

இங்கிருந்து சம்பூர் தூரமில்லை. நான் போகவில்லை. கூட்டங்களில் வயிற்றையும் வாயில்லாச் சீவனையும் பற்றிய அக்காவின் பேச்சை என் பேச்சாகச் சொல்கிறேன், கைதட்டுகிறார்கள். பள்ளிக்கூட முற்றத்துப் படத்தையும் காட்டுகிறேன். அதில் எல்லோரும் சிரிக்கிறோம். அக்கா மட்டும் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தபடி நிற்கிறார்.

தேன் கெடாது என்று அக்கா சொல்வார். உண்மைதான், இன்னும் கெடவில்லை. கெட்டிருந்தால் எறிந்திருப்பேன்.