செவ்வந்திக்காக அணைந்த விளக்கு

எட்வினிடமிருந்து போன் வந்தபோது நான் ரெட்டியார்சத்திரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். "டீச்சர், அப்பா தவறிட்டாங்க. காலையில காப்பி குடிச்சிட்டுச் சாஞ்சவங்க எந்திரிக்கவே இல்லை" என்றான். இலையை மூடிவிட்டு எழுந்தேன். திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. அந்த அழுகைக்கு நடுவிலும், சொன்னால் சிரிப்பீர்கள், அவருடைய செவ்வந்தித் தொட்டிகளை இன்று யார் கவனிப்பார்கள் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

எட்வினின் அப்பா, டிராயிங் மாஸ்டர் சவரிமுத்துவிடம் படித்தவர்கள் இதை வாசிப்பீர்கள். நான் தமிழ் நடத்திய வகுப்புக்கு அடுத்த அறை அவருடையது. இடையில் இருந்தது பாதிச் சுவர். நான் யாப்பு நடத்தும்போது அவர் குரல் மேலே ஏறி வரும். "பொருளைப் பாக்காத. நெழல் எங்க விழுதுன்னு மொதல்ல பாரு." எனக்கு ஒரு பூசணிக்காய்கூட வரைய வராது, ஆனால் இந்த வாக்கியம் மட்டும் மனப்பாடம். என் மாணவர்களுக்கு யாப்பைவிட அதுதான் நன்றாகத் தெரிந்திருந்தது.

அவர் மனைவி லூர்துமேரி வடமதுரை வீட்டில் சுவரோரமாக மஞ்சள் செவ்வந்தி வைத்திருந்தார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குப் பெற்றோர் கல்லறையில் அந்தப் பூவைத்தான் வைப்பார். கடைப் பூவைத் தொடமாட்டார். லூர்துமேரி இறந்த பிறகு மாஸ்டருக்கு முட்டிவலி முற்றி, டவுனில் மகன் எட்வின் வீட்டுக்கு வந்தார். கொண்டு வந்தவை இரண்டே: ஆறு செவ்வந்தித் தொட்டிகளும், கல்யாணமான புதிதில் மனைவி மாட்டிய திருஇருதய ஆண்டவர் படமும். படத்தின் முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்பு உண்டு. மாட்டிய நாள் முதல் லூர்துமேரி அதை அணைத்ததே இல்லை. கரண்ட் போனால் ஓடிப்போய் மெழுகுவத்தி ஏற்றுவார். எட்வின் வீட்டு முன்னறையிலும் அது இரவு பகலாக எரிந்தது.

எட்வின் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு முன்னறை, ஒரு சமையலறை. சுற்றிலும் மாடி வீடுகள். வெயில் என்பது எதிர்ச் சுவரில் பட்டு மிச்சம் மீதியாக உள்ளே வருவதுதான். செடிகள் வெளுக்கத் தொடங்கின. "கடைப் பூ வாங்கிட்டுப் போனா அவ என்னை ஏசுவா டீச்சர். இந்தப் பூ அவகிட்டப் போயாகணும்" என்றார். குரலில் கேலி இருந்தது, கண்ணில் இல்லை.

எட்வின்தான் செடி வளர்க்கும் எல்.இ.டி. விளக்குகளை ஆன்லைனில் வரவழைத்தான். ஊதா கலந்த அந்த வெளிச்சம் ஜன்னல் வழியே கசிய, தெருவில் வாத்தியார் ஏதோ கலர் லைட் கடை போட்டிருக்கிறார் என்றார்கள். நான் பார்க்கப் போனபோது மனிதர் நாற்காலியைச் செடிக்கு நேராகப் போட்டுக்கொண்டு கோயிலில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். இலைகள் கறுப்பாகத் தெரிந்தன. கருகிவிட்டதா என்று பதறினேன்.

"கருகலை டீச்சர். இந்த வெளிச்சத்துல செவப்பும் நீலமுந்தான் இருக்கு, பச்சை இல்லை. செடி சாப்பிடுறது அந்த ரெண்டையுந்தான் அதிகம். பச்சையைத்தான் வேண்டாம்னு கொஞ்சம் திருப்பி அனுப்புது. அது மிச்சம் வைக்கிற கலரைத்தான் நான் அம்புட்டு வருசமா செடியோட கலர்னு சொல்லிக் குடுத்திருக்கேன்." இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வாத்தியார் சிரிப்பு அல்ல அது. அன்று வீடு திரும்பும் வழியில் ஒவ்வொரு மரத்தையும் நின்று பார்த்தேன்.

செடிகள் தளதளவென்று வளர்ந்தன. மொட்டு மட்டும் வைக்கவில்லை. நீண்ட இருட்டு இருந்தால்தான் செவ்வந்தி பூக்கும் என்று எட்வின் படித்துச் சொன்னான். மாலை ஆறுக்கு அணைந்து காலை ஆறுக்கு எரியும்படி ஒரு டைமர் மாட்டினார்கள். ஆறடித்தால் வந்தவர்களை மாஸ்டர் விரட்டிவிடுவார், "பூ தூங்கணும், கெளம்புங்க" என்று. அப்படியும் மொட்டு இல்லை. கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மாலை நான் அங்கே இருந்தபோது விளக்குகள் அணைந்தன. எழுந்தவளை, "செத்த நேரம் இருங்க" என்று நிறுத்தினார். கண் இருட்டுக்குப் பழகியது. அவர் மெதுவாகச் சொன்னார், "டீச்சர், நெழல் தெரியுது பாருங்க." ஆமாம், தரையில் தொட்டிகளின் நிழல்கள் மங்கலாகக் கிடந்தன. வெளிச்சம் இல்லாமல் நிழல் ஏது? ஐந்து தொட்டிகளின் இலைகளில் லேசான சிவப்பு. ஆறாவது தொட்டி பீரோவின் மறைவில் முழு இருட்டில் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தோம். அதில் மட்டும் மிளகு அளவில் மொட்டுகள்.

ஆண்டவர் படத்தின் பல்புதான் செடிகளுக்கு இரவே வராமல் செய்துகொண்டிருந்தது. மனைவியின் பூ வரவேண்டுமென்றால் மனைவியின் விளக்கை அணைக்க வேண்டும்.

தொட்டிகளை நகர்த்தலாமே என்றேன். ஊதா விளக்குகளின் சட்டம் சுவரில் அறைந்திருந்தது, சமையலறையிலோ ட்யூப்லைட் படுக்கும்வரை எரியும். தினமும் துணியால் மூடுவதற்கு அவர் முட்டி குனிய விடாது, எட்வின் வேலை முடிந்து வர ராத்திரியாகிவிடும். படத்தைச் சமையலறைப் புகையில் மாட்ட அவருக்கு மனமில்லை. எட்வின், "பல்பைக் கழட்டிட்டாப் போச்சு, இதுக்கு என்னப்பா யோசனை" என்றான். மாஸ்டர் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு மாலை என்னை வரச்சொன்னார். ஆறு மணிக்கு ஊதா விளக்குகள் அணைந்ததும், படத்தின் முன்னால் போய் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். "லூர்து, ஆண்டவருக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும். பூவுக்குத்தான் காலம் தெரிஞ்சுக்கிறதுக்கு இருட்டு வேணுமாம்" என்றார். சுவிட்சைத் தட்டினார். அந்த வீடு அதற்கு முன் அவ்வளவு இருண்டிருக்காது. மறுநாள் அந்தப் பல்பையும் அதே டைமரில் சேர்த்துவிட்டார்.

திருநாளுக்கு மொட்டு விரியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் கூட்டமெல்லாம் ஓய்ந்து, ஊர் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டத் தொடங்கிய ஒரு காலையில், ஆட்டோவில் மடி நிறையச் செவ்வந்தியோடு லூர்துமேரியின் கல்லறைக்குப் போனார். "ஏன் லேட்டுன்னு கேட்டிருப்பா. அடுத்த வருசம் நேரத்துக்கு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார்.

அந்த அடுத்த வருடம்தான் இது. மொட்டுகள் உருண்டு திரண்டு நின்ற நேரத்தில் அவர் போய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது முன்னறையில் அவரைக் கிடத்திச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணிக்கு டைமர் 'டிக்' என்றது. செடி விளக்குகளோடு ஆண்டவர் விளக்கும் அணைந்தது. ஒரு பெரியம்மா பதறி எழுந்தார். "சாவு வீட்டுல ஆண்டவர் வெளக்கு அணையலாமாப்பா?"

"அணைச்சது அப்பாதான் பெரியம்மா. இருக்கட்டும். இல்லைனா அம்மாவுக்குப் பூ வராது" என்றான் எட்வின். ஆனால் வந்தவர்களுக்காக ட்யூப்லைட் இரவெல்லாம் எரிந்தாக வேண்டும். அவன் எழுந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தலையைச் சாய்த்து, பீரோவின் நிழல் எதுவரை விழுகிறது என்று பார்த்தான். அப்பா பார்ப்பதுபோலவே பார்த்தான். பிறகு ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கி, கூட்டத்துக்கு நடுவே நடந்து, அந்த நிழலுக்குள் வைத்தான். செபம் நிற்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று பூ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இருவருக்கும் ஒரே கல்லறை. இரண்டாவது பெயரின் பெயிண்ட் இன்னும் வாசனை அடித்தது. இரண்டு பெயரையும் மஞ்சள் மூடியிருந்தது.

ஆறு தொட்டிகளில் ஒன்றை எட்வின் எனக்குக் கொடுத்தான். மாலையானால் அந்த அறையின் விளக்கை அணைத்துவிட்டு, கண் பழகும்வரை உட்கார்ந்து, எங்காவது நிழல் விழுகிறதா என்று பார்க்கிறேன். முதல் நாள் விழுந்தது. என் பூஜை அறை விளக்கு. மாஸ்டர் சிரித்ததுபோல் இருந்தது. எழுந்து போய், சாமியிடம் சொல்லிவிட்டு, அந்தக் கதவைச் சாத்தினேன்.