குடிகாரன் என்று நான் சிரித்த மனிதர்

எண்பதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த காதர் பாய் ரிப்போர்ட் வாங்க வந்தார். செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஜிஜிடி என்ற என்சைம் அவர் ரத்தத்தில் ஏகத்துக்கும் கூடியிருந்தது. குடிகாரர்களுக்கு அப்படிக் கூடும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“மொதல்ல தாருவை நிறுத்தும். அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம்,” என்றேன் இளக்காரமாக.

“தொட்டதே கெடையாது சார். நான் தொழுவுற ஆளு.”

“எல்லாக் குடிகாரனும் இதைத்தான் சொல்றான்,” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தேன்.

சில மாதங்களில் அவருக்கு மஞ்சள் காமாலை முற்றியது. பித்தநாளத்தில் புற்றுநோய், அதிலும் அந்த என்சைம் கூடுமாம். அறுவை சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்று கேள்விப்பட்டு அவரைப் பார்க்க ஓடினேன்.

“நீங்க அப்படிச் சொன்ன பொறவு, வெக்கத்துல அந்தக் காயிதத்த எந்த டாக்டர்ட்டயும் காட்டல சார்,” என்றார்.

அவர் குரலில் கோபமே இல்லை. அரைகுறைப் படிப்பை வைத்துக்கொண்டு அன்று சிரித்த என்னை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது.