சூடாமணியின் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடிய வேலை

ராஜகுருவைக் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கெட்டவனாக இருந்திருந்தால் அடுத்தவர் பாட்டைக் குறைக்கிறேன் என்று கிளம்பியிருக்கவே மாட்டான்.

பசுமலையில் பள்ளிக்கூடங்களுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனி அது. எல்லோரும் எழுதுவதை ஒன்றாகக் கோத்து, சோதித்து, அனுப்பத் தயாராக்கும் தானியங்கிக் கருவி ராஜகுருவின் பொறுப்பு. ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய கருவி. திரையில் தெரியும் பகுதிகளோ ஜாவாஸ்கிரிப்ட் என்ற வேறு மொழி. அதை ஓட்ட அந்தக் கருவிக்குத் துப்பில்லை. அதற்கு வேண்டிய நோட் ஜேஎஸ் என்ற மென்பொருளின் பழைய பதிப்பு, கூட வேலைசெய்யும் சூடாமணியின் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. மற்றவர்கள் முடித்துக் கிளம்பிய பிறகு அவள் உட்கார்ந்து, கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, வந்ததை எடுத்து ராஜகுருவுக்கு அனுப்புவாள். மணி எட்டாகிவிடும்.

வீட்டில் கணவர் ராமமூர்த்தி பக்கவாதத்தில் கிடந்தார். பக்கத்து வீட்டம்மா ஆறு மணிவரைதான் பார்த்துக்கொள்வாள். அதற்குமேல் தண்ணீர் கேட்டால்கூட ஆளில்லை. சூடாமணியின் சம்பளத்தை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு போக்குமில்லை. அவள் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதை எதிர் மேசையிலிருந்து ராஜகுரு எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பான்?

"அக்கா, அந்த நோட் ஜேஎஸ்ஸ கருவிக்குள்ளயே வச்சுட்டா அதுவே ஓட்டிக்கிரும். நீங்க நேரத்தோட வீட்டுக்குப் போகலாம்" என்றான்.

"புண்ணியமாப் போகும் தம்பி" என்றாள் சூடாமணி. எதற்குப் பிறகு எது, எங்கே முரண்டுபிடிக்கும், எந்தப் பதிப்பு ஒத்துவராது, எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். இனி கருவியே சரியான பதிப்பை இணையத்திலிருந்து இறக்கி, ஓட்டி, முடித்துத் தரும்.

அத்தோடு விட்டிருக்கலாம். பாவிக்குப் பெருமை வந்துவிட்டது. ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து அணைத்துவிட்டால் மறுநாள்வரை யாரும் தொடமாட்டார்கள். ஒருத்தர் கையும் படாமல் வேலை நடக்கிறதென்று காட்ட அதைவிட நல்ல நாள் ஏது என்று நினைத்தான். கருவி இருந்ததோ கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த, எப்போதும் அணையாத வெளியூர் சர்வரில். தீபாராதனை நேரத்துக்கு அதை முடுக்கிவைத்தான்.

பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தபோது முதலாளி முத்துப்பாண்டியின் போனில் செய்தி வந்தது. எல்லாம் தயார். முதலில் கைதட்டியது சூடாமணி. முத்துப்பாண்டி, மாலை போட்டு அணைத்திருந்த அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

மறுநாள் ராஜகுருவை உள்ளே கூப்பிட்டார். "பிரமாதம்யா! அப்ப அந்தம்மாவுக்கு இங்க என்ன வேலை?"

"அண்ணே, அதுக்காகச் செய்யலண்ணே. அவங்க வீட்டு நெலம..."

"எல்லாம் தெரியும். சும்மா உக்கார வச்சுச் சம்பளம் குடுக்கச் சொல்றியா? இந்த மாசத்தோட அவங்க நின்னுக்கட்டும். அதுக்குள்ள அவங்களையே ஒருக்கா முழுசாச் சோதிச்சுப் பாக்கச் சொல்லு."

அதைப் போய்ச் சொல்லும்போது அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் வழக்கம்போல உட்கார்ந்து சோதித்தாள். கடைசி நாளன்று அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஒவ்வொரு தடவையும் நோட் ஜேஎஸ்ஸ புதுசா இறக்குது. அந்தச் சைட் ஒருநாள் படுத்துக்கிருச்சுன்னா எல்லாம் நின்னுரும். ஒரு காப்பிய நம்ம சர்வர்லயே போட்டு வச்சுக்க."

ராஜகுரு திடுக்கிட்டான். அப்படி ஒருநாள் நின்றால் முத்துப்பாண்டி வேறு யாரைத் தேடிப் போவார்? இவளைத்தானே?

"ஏங்க்கா சொன்னீங்க? பேசாம இருந்திருந்தா உங்களத் திரும்பக் கூப்பிட்டிருப்பாகளே!"

"அதுக்கு முன்னாடி உன்னையத்தான தம்பி வெளிய அனுப்புவாக" என்றாள் சூடாமணி.

அவனுக்குச் சரிசெய்ய வேண்டாம், அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அவனுக்கும் வேலை வேண்டுமே. அவள் மேசையைக் காலிசெய்து கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து அதையும் சரிசெய்தான்.