மிச்ச வெயில்

ஆற்றங்கரைக் குடியிருப்பில் அவளைப் பெட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பேட்டரிப் பெட்டிகள் இருக்கும் அறையின் சாவி அவள் இடுப்பில்தான். ரோடு இல்லை, கரண்டுக் கம்பமும் இல்லை. சோலார் தகடு வெயிலை வாங்கும், ஆற்றில் கட்டிப்போட்ட சக்கரம் இரவு பகலாய்ச் சுற்றும், இரண்டும் கொடுப்பது பெட்டிக்குள் போய்ச் சேரும். முன்பெல்லாம் அவள் வலை முடைந்தவள். சிக்கு விழுந்தால் அவிழ்க்காமல் எழுந்திருக்க மாட்டாள். பிறவிக் குணம், எங்கே போகும்?

கோடையில் ஆறு இளைத்தது, சக்கரம் சோம்பியது. வெயில்தான் கதி. அப்போது பார்த்து, ஒரே வாரத்தில் மூன்று தடவை மருந்தறைக் குளிர்பெட்டி நின்றுபோனது. உள்ளே இருந்தது பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்து.

படகில் வந்த என்ஜினியர் உதட்டைப் பிதுக்கினார். "தகடு நல்லாத்தாம்மா இருக்கு. உங்களுக்குத்தான் பாத்துக்கத் தெரியல. சனிக்கிழமை வருவேன். அதுக்குள்ள இன்னொரு தடவை நின்னா, பேட்டரிப் பெட்டியெல்லாம் மேலாத்து ஊருக்குப் போயிடும்."

"வாங்க சார். வெறும் படகோடதான் திரும்புவீங்க," என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, குளிர்பெட்டி ஏன் நிற்கிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை. மறுநாள் காலை தகட்டைத் துடைக்கும்போது ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. காக்கா வேலை என்று தட்டிவிட்டாள். அதற்கடுத்த நாள் நாலு செதில். ஒரு காக்கா இத்தனை மீனுக்கு எங்கே போகும்?

தினமும் உச்சிவேளையில் சக்கரத்தில் சிக்கும் பாசியை எடுக்க அவள் படகேறுவாள்; திரும்பப் பொழுது சாயும். அன்று துடுப்பைத் தூக்கிக்கொண்டு போவது போல் போய், பெட்டியறைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

வந்தது காக்கா இல்லை, கூடையோடு சொந்த நாத்தனார். உப்புப் போட்ட பொடி மீனைத் தகடு முழுக்கப் பரப்பினாள்.

"அடிப்பாவி! ஊர்க் கரண்டையே கருவாடா ஆக்கிட்டியே!"

நாத்தனார் அசரவில்லை. "ஏன் அண்ணி கத்துறீங்க? விளக்கு எரியறது ராத்திரி. கரண்டுக்குத்தான் சக்கரம் இருக்கே. பகல்ல இது சும்மாதானே கெடக்கு? மிச்ச வெயில் வீணாப் போகுதேன்னு பாத்தேன்."

"மிச்ச வெயிலா? வாடி உள்ள. அந்த மீட்டர் முள்ளையே பாத்துட்டு நில்லு."

அவளைப் பெட்டியறையில் நிறுத்திவிட்டு, வெளியே வந்து மீனை அள்ளினாள்.

"முள்ளு ஏறுதா?"

"லேசா ஏறுது!"

"இப்போ?"

"ஐயோ, பச்சைக்கே போயிடுச்சு அண்ணி!" பிறகு குரல் இறங்கியது. "அப்போ ராத்திரி எரியறது இந்த வெயிலா?"

"எரியறது மட்டுமா? உன் பிள்ளைக்குத் திங்கக்கிழமை போட வேண்டிய மருந்தையும் இதுதான்டி காக்குது."

நாத்தனார் வெளியே வந்து, தகட்டில் ஒட்டியிருந்த செதிலை முந்தானையால் துடைத்தாள். அன்று மாலையே பெட்டிக்காரி நாலு கழி நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டி, மீன் காயப் பந்தல் போட்டுவிட்டாள்.

"தகட்டுச் சூட்டுல காயுற மாதிரி ஒரே மத்தியானத்துல காயுமா அண்ணி?"

"ரெண்டு நாளாகும். காத்திரு."

சனிக்கிழமை என்ஜினியர் வந்தபோது குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. முள்ளைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். வெறும் படகில்தான் ஏறினார்.

"மேலாத்து ஊருக்கு வேற பெட்டி பாருங்க சார்," என்றாள் கரையில் நின்று. "அங்கேயும் மீன் புடிக்கிறவங்கதான். தகடு வைக்கிறதுக்கு முன்னாடி பந்தல் போடச் சொல்லுங்க."