நாய்க்காகப் போன விடுதி

நாயோடு வந்து தங்கலாம் என்று ஒரு விடுதி இருப்பதே மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சூளகிரியிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. பெங்களூர்க்காரர்கள் சனி ஞாயிறில் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிற இடம். நாங்கள் போனது வாரநாளில்.

வீட்டுக்காரர் காலமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. ஓசூர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெங்களூரில் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். நான் பிடி கொடுக்கவில்லை. "நாயி ஏங்கிப் போயிடும் கண்ணு. அது இன்னும் அப்பாவ எதிர்பாத்துனு இருக்குது" என்பேன்.

அது பொய்யில்லை. அவர் காலமெல்லாம் ஷிப்ட் வேலை பார்த்தவர். ஏ ஷிப்ட் வாரத்தில் மதியம் மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கும். நாய் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வரும். அதே பஸ்ஸின் சக்கரத்துக்கடியில் கிடந்த குட்டியைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தவர் அவர்தான். பையைத் தேய்த்துக் கழுவியது நான்.

எந்த வாரம் என்ன ஷிப்ட் என்று காலண்டரில் ஏ, பி, சி போடுவது என் வேலை. அவர் போன பிறகும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், நாய்க்காக. ஏ வாரத்தில் இரண்டே முக்காலுக்குச் சங்கிலியைக் கையில் எடுப்பேன். நாய் எழுந்து நிற்கும். இரண்டு பேரும் முனைக்குப் போவோம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் ஆரம்பத்தில் நாயைத் தடவிக்கொடுத்தார்கள். பிறகு பிறகு எங்களைப் பார்க்காத மாதிரி போனார்கள்.

"ரெண்டு நாள் வேற எடத்துல இருந்து பாக்கட்டும்மா. நல்லா சாப்ட்டுத் தூங்குச்சுன்னா வீட்டக் காலி பண்ணிடலாம்" என்றான் மகன். நாய் என் பக்கம்தான் நிற்கும் என்ற தைரியத்தில் சரி என்றேன். காலையில் எங்களை விடுதியில் இறக்கிவிட்டு அவன் ஆபீஸ் போய்விட்டான்.

விடுதியில் நிரப்பக் கொடுத்த பாரத்தில் நாயின் உரிமையாளர் பெயர் கேட்டிருந்தார்கள். கை அவர் பெயரை எழுதிவிட்டது. அடித்துவிட்டு என் பெயரை எழுத மனம் வரவில்லை.

அங்கே பெங்களூர் நாய்கள் இரண்டு இருந்தன. 'சிட்' என்றால் உட்கார்ந்தன. எங்கள் நாய்க்கு அவர் பேசிய தெலுங்கும் என் தமிழும் பக்கத்து வீட்டுக் கன்னடமும் தெரியும். மூன்றில் எதில் சொன்னாலும் கேட்காது. நாய்களுக்கென்று நீந்தத் தொட்டி, துவட்டத் துண்டு, உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் சோறும். மோந்துவிட்டுத் திரும்பிவிடும் என்று நினைத்தேன். அதுவோ தட்டை நக்கி, தட்டையே தள்ளிக்கொண்டு போனது. தொட்டியில் இறங்கிக் குதித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. நன்றி கெட்டது என்று திட்டக்கூடச் செய்தேன்.

சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். விழித்தபோது இரண்டே முக்கால். அன்றைக்குக் காலண்டரில் ஏ வாரம். நாயைக் காணோம். பஸ்ஸைத் தேடிக்கொண்டு ஓடியிருக்கும் என்று சங்கிலியை எடுத்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போனேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அங்கே நாய் இல்லை. ஆனாலும் நின்றேன். ஒரு கால் மணி நேரம் போயிருக்கும், வெளிச் சாலையில் அவர் கம்பெனி பஸ் ஒன்று வந்தது. இந்தப் பக்கத்தில் அது போகாத ஊர் கிடையாது. நான்கு பேர் இறங்கினார்கள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர் முகம் ஒரே ஒரு தடவை பார்க்கக் கிடைத்தால் போதும் என்றிருந்தது. கடைசி ஆள் இறங்கியதும் பஸ் கதவு மூடிக்கொண்டது.

"யாருக்கும்மா காத்துனு இருக்கீங்க?" என்றார் வாட்ச்மேன்.

"நாயி இந்தப் பக்கம் வந்துச்சா?"

"அது அப்பவே மரத்தடியில படுத்துடுச்சும்மா. நீங்கதான் ரொம்ப நேரமா நிக்கறீங்க."

திரும்பிப் பார்த்தேன். நான்கு காலையும் நீட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

சாயந்திரம் மகன் போன் செய்தான். "நாயி எப்படிம்மா இருக்குது? தேடுதா?"

"தேடுது கண்ணு" என்றேன். "வாசல விட்டு நகர மாட்டேங்குது. வந்து வீட்டுக்குக் கூட்டினு போயிடு."