கிளிமஞ்சாரோவில் ஒரு உருண்டை களி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த கையோடு நான் ஆப்பிரிக்காவில் உள்ள தான்சானியாவுக்குப் போயிருந்தேன். என் தங்கை கணவர் திருச்செங்கோட்டுக்காரர். அங்கே போர்வெல் வண்டி வைத்துத் தொழில் செய்கிறார். அவர் வேலை பார்க்கும் ஊர்களில் எங்கே நின்றாலும் தூரத்தில் கிளிமஞ்சாரோ மலை தெரியுமாம். "வந்த நாளா பாத்துட்டேதான் இருக்கறனுங்க மச்சான், ஒருக்கா மேல ஏறிப் பாத்தரோணும்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பார். துணைக்கு யாரும் கிடைக்காமல் கடைசியில் என்னைப் பிடித்தார்.

நான் நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன மில்லில் மக்காச்சோளம் அரைக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்பவன். படிப்பு பத்தாவது. வயது ஐம்பதை நெருங்குகிறது. புது ஆள் எதிரில் வந்தாலே எனக்குப் பேச்சு வராது. கல்யாணப் பந்தியில் சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டு, வெறும் ரசத்தோடு எழுந்து வந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த மலை கொல்லிமலைதான், அதுவும் பஸ்ஸில் போனது.

முதல் நாள் காட்டுக்குள் நடை. சிரமம் தெரியவில்லை. கூட வந்த வழிகாட்டி, வேகமாகக் கால் வைத்தால் "போலே, போலே" என்பார். மெதுவாக என்று அர்த்தமாம். இரண்டாம் நாள் மாலை அடுத்த தங்குமிடத்துக்குப் போய்ச் சேரும்போது உயரம் ஒத்துக்கொள்ளாமல் எனக்குத் தலை வெடித்தது. மேசையில் சூப்பும் ரொட்டியும் மக்ரோனியும் வைத்தார்கள். வாசனை பட்டதும் குமட்டியது. முந்தின இரவிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. அதையும் கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

வழிகாட்டி கண்டுபிடித்துவிட்டார். சாப்பாடு இறங்காவிட்டால் காலையில் ஆள் துணையோடு என்னைக் கீழே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். மாப்பிள்ளை அதைக் கேட்டு எனக்குச் சொல்லிவிட்டு, கையோடு முடிவும் பண்ணிவிட்டார்.

"பாஷை தெரியாத ஊர்ல உங்களைத் தனியா உட்டுப்போட்டு நா எப்படிங்க மேல போறது? நானும் கூடவே வாரேன். மலை எங்கீங்க போயிரப் போவுது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பேசும்போது அவர் கண் ஜன்னலுக்கு வெளியே, வெள்ளையாகத் தெரிந்த உச்சியின் மேல் இருந்தது. எத்தனை வருட ஆசை! என் ஒருத்தன் வயிற்றால் கெட்டது.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து வெளியே வந்தேன். கட்டிடத்துக்குப் பின்னால், சுமை தூக்கி வந்தவர்களின் சமையல் கொட்டகை இருந்தது. அங்கிருந்து வந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் மில்லின் வாசனை! மக்காச்சோள மாவு. ஆனால் சூடாக, வெந்த மணத்தோடு.

வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். சமையல்காரர் பெரிய பாத்திரத்தில் வெள்ளையாக எதையோ மரத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார். பாத்திரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு, தோளைச் சாய்த்து, அசல் எங்கள் வீட்டில் ராகிக் களி கிண்டுகிற மாதிரியே. என்னைப் பார்த்ததும் "கரிபு!" என்றார். வாங்க என்கிற சொல். மாப்பிள்ளை சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் திரும்பி ஓடியிருப்பேன். அதற்குள் ஒருவர் செம்பில் வெந்நீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றிவிட்டார். கை கழுவிய பிறகு சாப்பிடாமல் எழுந்து போனால் எங்கள் பக்கம் அது பெரிய அவமரியாதை. உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே தட்டு, சுற்றி ஏழெட்டுக் கை. நடுவில் அந்த வெள்ளைக் களி, பக்கத்தில் கீரை. ஒரு உருண்டை பிடித்து, கட்டை விரலால் குழி பண்ணி, கீரையை அள்ளினேன். பழக்க தோஷம். சமையல்காரர் கத்தியே விட்டார். அவர்களும் அப்படித்தான் குழி பண்ணிச் சாப்பிடுவார்களாம்! என் கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். நான் உருண்டையை வாயில் போட்டு, எங்கள் ஊர்க் களியைப் போல மெல்லாமல் விழுங்கினேன். எனக்கு விக்கிக்கொண்டது என்று அவர் பயந்து, "போலே, போலே!" என்று முதுகில் தட்டினார். நான் தொண்டையைத் தொட்டு, இதுதான் எங்கள் வழக்கம் என்று சைகை காட்டினேன். இரண்டு பேர் என்னைப் போல விழுங்கிப் பார்த்து இருமினார்கள். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். நாலாவது உருண்டையில்தான், குமட்டல் இல்லை என்பதே எனக்கு உறைத்தது.

என்னைத் தேடிக்கொண்டு மாப்பிள்ளை வந்தார். "அட! காலமெல்லாம் கோழிக்கு அரைச்சுக் கொட்டுனீங்க, இன்னிக்குத்தான் ருசி பாக்கறீங்களாக்கும்!" என்றபடி அவரும் கை நீட்டினார்.

காலையில் தலைவலி குறைந்திருந்தது, முழுக்கப் போகவில்லை. தலைவலியோடு மேலே ஏறக் கூடாது, சாப்பிடுவதால் இங்கேயே தங்கலாம் என்றார் வழிகாட்டி. சமையல்காரரும் இன்னும் சிலரும் அங்கே தங்குவதாக இருந்தது. மாப்பிள்ளை மறுபடி தயங்கி, மூட்டையைக் கட்டாமல் நின்றார்.

"நீங்க போயிட்டு வாங்க மாப்ள. எனக்கு இங்க ஆளுங்க இருக்கறாங்க" என்றேன்.

என் வாயிலிருந்தா இது வந்தது என்பது போலப் பார்த்தார். பிறகு மூட்டையைக் கட்டித் தோளில் போட்டார்.

அவர் திரும்பி வரும்வரை நான் கீரை ஆய்ந்தேன், களி கிண்டினேன். ஆளுக்கொரு மொழியில் பேசினோம், வேலை நடந்தது. மாப்பிள்ளை முகமெல்லாம் தோல் உரிந்து, நடக்க முடியாமல் நடந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உச்சியில நின்னு உங்களைத்தானுங்க மச்சான் நெனச்சேன், சாப்பிட்டீங்களோ என்னமோன்னு" என்றார். நான் கிண்டிய களியை அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு அழுதார்.

எங்கள் மில்லில் ஒடிசாக்காரர்கள் வேலை செய்கிறார்கள். சாயங்காலம் அவர்கள் ஷெட்டில் சமைக்கும்போது, பல வருடங்களாக நான் தலையைக் குனிந்தபடியே கடந்து போய்க்கொண்டிருந்தேன். ஊர் திரும்பிய வாரம் அந்த வாசலில் நின்றேன். ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.

கூச்சம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனாலும் மில் வாசலில் புது ஆள் ஒருவர் பையோடு தயங்கி நிற்பதைப் பார்த்தால், அந்தக் கொட்டகையின் வெந்நீர் என் கையில் விழுவது போலிருக்கிறது, உடனே "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று நானே முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறேன்.